தள்ளிக்கொண்டு போகும் எஞ்சின்

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறப் போகிறவர்கள் பிளாட்பாரத்தில் ஒரு நிமிஷம் திகைத்துத்தான் போவார்கள். வண்டி போகவேண்டிய திசையில் எஞ்சினைக் காணோம்! அது வால் பக்கத்தில் நின்று புஸ் புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டிருக்கும். "மாத்தி மாட்டிட்டாங்களோ?" என்று எங்களுக்கு அடுத்து நின்ற பெரியவர் சத்தமாகவே கேட்டுவிட்டார்.

மாற்றி மாட்டவில்லை. குன்னூர் வரைக்கும் இந்த எஞ்சின் வண்டியை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. அவ்வளவு செங்குத்தான மலையில் எஞ்சின் கீழ்ப்பக்கம் இருந்தால்தான், பெட்டி எதுவும் கழன்று உருண்டுவிடாமல் தாங்கும். ஆனால் இதில் ஒரு சங்கடம் பாருங்கள். டிரைவருக்கு முன்னால் இருக்கிற பாதை தெரியாது. அதனால் ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்மேன் இருக்கிறார். முதல் பெட்டிக்காரர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார். அதை நம்பித்தான் பின்னால் இருப்பவர் வண்டியை ஓட்டவேண்டும்.

போன தை மாதம் ஈரோட்டிலிருந்து நாங்கள் எட்டுப் பேர் கிளம்பினோம். என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. மூன்று வருஷமாக மறதி. சாதாரண மறதியில்லை, அல்சைமர் என்று டாக்டர் பெயர் சொல்லிவிட்டார். அவர்களைக் கூடவே வைத்துப் பார்த்துக்கொள்கிறவர் என் ஓரகத்தி, வீட்டின் மூத்த மருமகள். நான் சென்னை. நாத்தனார் டெல்லி, வருஷத்துக்கு ஒரு தடவை வருவாள், கை நிறைய சாமானும் மனசு நிறைய பாசமுமாக.

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி, மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் என்னிடம் மெல்ல ஆரம்பித்தாள். "சின்ன அண்ணி, பெரிய அண்ணி அம்மாகிட்ட முகம் குடுத்தே பேசறதில்லை. கேட்டா ஒத்தை வரியில பதில். எனக்கு வயிறு எரியுது." அண்ணனிடமும் இதைச் சொல்லப்போவதாகச் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. இந்த மாதிரிப் பேச்சு ஒரு வீட்டில் எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கும் தெரியும்.

காலை ஏழே காலுக்குள் வண்டி கிளம்பிவிட்டது. எதிரெதிர் பலகைகள். "இன்னைக்கு அம்மா பக்கத்துல நான் உக்காந்துக்கறேன். நீங்க ஜன்னலோரம் போங்க அண்ணி" என்றாள் நாத்தனார். ஓரகத்தி ஒன்றும் சொல்லாமல் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கையை எங்கே வைப்பதென்று தெரியாதவர் போலிருந்தார். பிறகு வெளியே பார்க்க ஆரம்பித்தவர்தான், கண்ணை எடுக்கவேயில்லை.

பார்க்க என்ன குறை! கல்லாறு வரைக்கும் பாக்குத் தோப்பு. அதற்கப்புறம் மலை. அங்கேயிருந்து தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஆரம்பிக்கிறது. எஞ்சினுக்கு அடியிலிருக்கும் பல்சக்கரம் அதில் கவ்விக் கவ்வி ஏறுகிறது. ஏறக்குறைய பன்னிரண்டு அடி போனால் ஓரடி உயரம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர்தான். ஆனால் 208 வளைவு, 250 பாலம், 16 குகை, கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். 1899-ல் குன்னூர் வரைக்கும் வந்த ரயில், ஊட்டியைத் தொட 1908 ஆயிற்று. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. மலையைப் பார்த்து உட்கார்ந்தவர்களுக்குப் பாறையும் அருவியும், திரும்பி உட்கார்ந்தவர்களுக்குக் கீழே விரியும் சமவெளி. என் பையன்கள் இரண்டு பேரும் "என் பக்கம்தான் நல்லா இருக்கு" என்று சண்டையே போட்டார்கள்.

"ஊட்டி வந்துருச்சா கண்ணு?" என்றார் அத்தை.

"இல்லம்மா, இப்பத்தான் ஏறவே ஆரம்பிச்சிருக்கு. நீங்க, நான், அப்பா எல்லாம் சின்ன வயசுல வந்தமே, ஞாபகம் இருக்கா?" என்று நாத்தனார் கதையாகச் சொன்னாள். அத்தை சிரித்தார். இரண்டு நிமிஷம். "ஊட்டி வந்துருச்சா கண்ணு?" மறுபடி கதை, கொஞ்சம் சின்னதாக. அப்புறம் "அடுப்பை அணைச்சமா?" என்றார். அப்புறம் "என் பர்ஸ் எங்க?" அப்புறம் மறுபடியும் ஊட்டி. குகைக்குள் போனதும் பிள்ளைகள் ஹோவென்று கத்த, அத்தை பயந்து எழுந்துவிட்டார். இரண்டு பேர் பிடித்து உட்கார வைத்தோம்.

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றது. டீ குடித்தோம். (பெட்டிக்குள் கழிவறை கிடையாது. பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இங்கேயே இறக்கிக் கூட்டிப்போய் வந்துவிடுங்கள்.) வண்டி கிளம்பி ஒரு வளைவு திரும்பவில்லை, "ஊட்டி வந்துருச்சா?"

"எத்தனை தடவைம்மா சொல்றது!"

நாத்தனாருடைய குரலா அது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அத்தையின் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. என்ன கேட்டோம் என்பது அவருக்கு மறந்து போயிருக்கும். ஆனால் திட்டு வாங்கியது மட்டும் உள்ளே நின்றுவிட்டது. இந்த நோய் அப்படித்தானாம். சேதி மறந்துபோனாலும், அது கொடுத்த கலக்கம் சீக்கிரத்தில் போவதில்லை.

ஓரகத்தி ஜன்னலை விட்டுத் திரும்பினார். "ஊட்டிக்குத்தான் போறோம் அத்தை. பன்னெண்டு மணிக்குப் போயிருவோம்" என்றார். அதே ஒத்தை வரி. அத்தை "அப்படியா" என்று தெளிந்து உட்கார்ந்தார்.

நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஓரகத்தி அவளிடம் மெதுவாகச் சொன்னார்: "நீளமாச் சொன்னா அவங்களுக்குக் குழம்பும், நமக்கும் தெம்பு போயிரும். நமக்குத்தான் இது இருவதாவது தடவை. அவங்களுக்கு எப்பவுமே மொதத் தடவைதான கண்ணு?"

இத்தனை நாளில் எந்த டாக்டரும் எங்களுக்கு இப்படிச் சொன்னதில்லை. யோசித்துப் பாருங்கள். கண் விழித்தால் ஆடுகிற பெட்டி, அப்புறம் இருட்டு, சுற்றிலும் பாதி தெரிந்த முகங்கள். எங்கே போகிறோம் என்று நீங்களும் நானும்கூடத்தான் கேட்போம். பதில் வந்த மறு நிமிஷம் அது கரைந்துபோனால், இன்னொரு தடவை கேட்போம். தொல்லை கொடுக்க யாரும் கேட்பதில்லை.

"உங்களுக்கு எரிச்சலே வராதா அண்ணி?"

"வராம? ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, ஜடை பின்னி விடுன்னா? சில நாள் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்குவேன். முகத்தைப் பார்த்தா கோபம் வந்துருமோன்னு."

நாத்தனார் பதில் பேசவில்லை. முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று என்னிடம் சொன்னாளே, அதற்கு இதுதான் காரணமென்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் மாட்டினார்கள். பிள்ளைகளுக்கு அதில் ருசியில்லை. அரவங்காடு தாண்டிக் கேத்தி ஸ்டேஷன் வந்ததும் அத்தை திடீரென்று நிமிர்ந்தார். "இங்கதான அந்தப் பையன் பானையைத் தலையில வெச்சுக்கிட்டுக் குரங்காட்டமா குதிப்பான்? அந்தப் புள்ளைக்கு அவனை அடையாளமே தெரியாதே, பாவம்!" என்றார். 1982-ல் வந்த 'மூன்றாம் பிறை'. அதன் கடைசிக் காட்சியை எடுத்தது இந்த ஸ்டேஷனில்தான். காலையில் இட்லி சாப்பிட்டது நினைவில்லாதவருக்கு அது அப்படியே இருக்கிறது. நாத்தனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கமலஹாசன் கதையை அவர் வாயாலேயே முழுக்கச் சொல்ல வைத்தாள். லவ்டேல் வரைக்கும் ஊட்டி வந்துவிட்டதா என்ற கேள்வியே எழவில்லை.

திரும்பும்போது எஞ்சின் முன்னால் இருக்கும். இறக்கத்தில் அதுதான் கீழ்ப்பக்கம். மூன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். டிக்கெட்டுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அண்ணனிடம் சொல்லப்போவதாக இருந்ததை நாத்தனார் சொல்லவில்லை. டெல்லி டிக்கெட்டைப் பத்து நாள் தள்ளிப் போட்டாள். ஓரகத்தி நாலு வருஷத்துக்கப்புறம் தாராபுரத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போனார். பையை மூன்று தடவை பிரித்துப் பிரித்து அடுக்கினாராம்.

மூன்றாம் நாள் காலையில் நாத்தனார் எனக்குப் போன் செய்தாள். தொண்டை கட்டியிருந்தது. "ராத்திரி ரெண்டு மணிக்கு ஜடை பின்னி விட்டேன் அண்ணி. ரிப்பன் வேணும்னாங்க. வீடு பூரா தேடி, கடைசியில ஜாக்கெட் துணியைக் கிழிச்சுக் கட்டினேன். தூங்கிட்டாங்க."