மானும் சிறு குண்டும்

தாராவி, மாதுங்கா, செம்பூரில் வாழும் நம் இல்லங்களில் முதியோர் கூடினால், ஊர்ப்புறத்து மான் வேட்டைக் கதையும் சில வேளை எழுவதுண்டு. “சிறு துப்பாக்கியே போதும், ஓசையும் குறைவு, செலவும் குறைவு” என்பர். அச்சொல்லை நாம் சற்றே எடையிட்டுப் பார்ப்போம்.

.22 துப்பாக்கியின் ஈயக்குண்டு ஏறத்தாழ 2.6 கிராம். வளர்ந்த புள்ளிமான் கலையோ 70 கிலோவுக்கும் மேல் இருக்கும். அக்குண்டு பட்ட மான் பெரும்பாலும் உடனே வீழ்வதில்லை. காயத்தோடு புதருக்குள் ஓடி, துடித்துத் துடித்து மடியும்.

1907-இல் நரபலி கொண்ட சம்பாவத் புலியை வீழ்த்திய ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிட்டிய ரிக்பி துப்பாக்கியும் சிறு துளையதே. விட்டம் 7 மில்லிமீட்டர். ஆயினும் அதன் குண்டு 9 கிராம், வேகமும்.22-ஐப்போல் இரு மடங்குக்கு மேல். மென்முனைக் குண்டாயின் உடலுள் விரிந்து விரைவில் கொல்லும். ஆகவே துளையின் அளவன்று, குண்டின் எடையும் விசையும் அமைப்புமே மானின் வேதனையைக் குறைப்பன. ஓசையும் காசும் பார்த்துத் தேர்ந்தவர் இதனை எண்ணினாரல்லர்.

1972-இல் பிறந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1991-இல் திருத்தப்பட்டபின், பொழுதுபோக்கு வேட்டைக்கே நம் நாட்டில் இடமில்லை. போரிவிலியின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் புள்ளிமான்கள் உலவுகின்றன. அவற்றை நம் குழந்தைகளுக்குக் காட்டுவோம். முதியோர் பழங்கதை சொல்லட்டும். குண்டேந்தி ஓடி மறைந்த மானின் கதையையும் மறவாது சொல்லட்டும்.