ஆணி அடிக்க முடியாத சுவர்

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு ஒன்றில் கொட்டான் (பனையோலைக் கூடை) பட்டறையும் கடையும் வைக்கப்போகிறோம் என்றதும் எல்லோரும் வாடகை எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். நாங்கள் அலைந்தது கையெழுத்துகளுக்காக. செட்டிநாட்டு வீடு ஒருவருடையது அல்ல. பங்காளிகள் அத்தனை பேருக்கும் பாத்தியம், புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை. சென்னை, கோலாலம்பூர் என்று சிதறியிருந்தவர்கள் ஒரே நிபந்தனையில் சம்மதித்தார்கள்: முன்னோர் படைப்போ கல்யாணமோ வந்தால் முற்றமும் அறைகளுமான வளவை ஒழித்துக் கொடுத்துவிட வேண்டும்.

கடைக்கு உருவம் கொடுத்தது அந்த நிபந்தனைதான். எதையும் நிலையாகப் பொருத்த வழியில்லை. சுவரும் அதற்கு இடம் தராது. சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த பூச்சு, இன்றும் கை வைத்தால் வழுக்குகிறது. ஆணி அடித்தால் ஓட்டையோடு நிற்காது, சுற்றிலும் சில்லுசில்லாகப் பெயரும். அதைச் சிமெண்டால் அடைப்பது இன்னும் மோசம். ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துப் பூச்சும் உப்பிவிடும். எனவே தேக்கு உத்திரத்தில் ஏற்கெனவே இருந்த ஊஞ்சல் கொக்கிகளில் மூங்கில் கழி கட்டிக் கொட்டான்களைத் தொங்கவிட்டோம். மற்றவை மரப்பெட்டிகள் மேல்.

சாயம் காய்ச்சுவது பின்கட்டில், கிணற்றடியில். உள்ளே தரையெல்லாம் ஆத்தங்குடிக் கல், கண்ணாடியின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி வார்ப்பது. சாயம் சிந்தினால் உறிஞ்சிக்கொள்ளும். ஆசிட் ஊற்றித் தேய்த்தால் முகமே போய்விடும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பதற்கு மேல் அதற்கு எதுவும் வேண்டாம்.

பின்னுவது வளவுத் தாழ்வாரத்தில். பனங்குருத்தோலையில் ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, ஈரத் துணியில் சுற்றி வைத்திருப்போம். மதியக் காற்றில் ஓலை காய்ந்தால் மடிக்கிற இடத்தில் விரியும். ஊறிப்போனால் பின்னும்போது இறுக்கமாகத் தெரிவது மறுநாள் தொளதொளத்துவிடும். விரலில் சுற்றிப் பார்த்தால் தெரியும்: விறைக்கவும் துவளவும் செய்யாமல் வளைய வேண்டும். முற்றத்திலிருந்து வெளிச்சம் வரும், வெயில் ஓலைமேல் படாது. விளக்குப் போட்ட அறையில் தப்புகிற இழை இங்கே உடனே கண்ணில் படும். இந்த வீட்டு ஆச்சிமார் ஒரு காலத்தில் சீர்க் கொட்டான்களை இங்கேதான் உட்கார்ந்து முடைந்திருப்பார்கள். பிளாஸ்டிக் கூடை வந்த பிறகு ஏறக்குறைய மறந்தேபோன வேலை இது. விசாலாட்சி ராமசாமியின் எம்.ஆர்எம்.ஆர்எம். கலாசார அறக்கட்டளை ஊர்ப் பெண்களுக்குத் திரும்பக் கற்றுக்கொடுத்திருக்காவிட்டால், என்னைப் போன்றவர்கள் கடை வைக்க என்ன இருந்திருக்கும்?

கடையை முகப்பில் வையுங்கள், தெருவிலிருந்தே தெரியட்டும் என்று பலர் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை, உள்ளறையில் வைத்தேன். வருகிறவர்களில் பாதிப் பேர் தூணையும் மேற்கூரையையும் படம் எடுக்க வருகிறவர்கள். முகப்பிலேயே கொட்டானைப் பார்த்தால் விலையைக் கேட்டுவிட்டுக் கீழே வைத்துவிடுவார்கள். தாழ்வாரத்தைக் கடந்து உள்ளறைக்கு வந்தால், ஒரு விளிம்பை மடித்துக் கட்ட எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துவிட்டு வருவார்கள். பேரம் பேசுவது வெகுவாகக் குறைகிறது. பின்னுகிறவர்களுக்குக் கூலியை உயர்த்திக் கொடுக்க முடிந்தது அதனால்தான்.

தையிலும் ஆவணியிலும் முகூர்த்தம் வந்தால் பாய்களைச் சுருட்டி, பெட்டிகளை ஓர் அறைக்குள் அடுக்கிவிடுகிறோம். அரைநாள் வேலை. சீருக்கு மொத்தமாகக் கொட்டான் கேட்பதும் அந்த மாதங்களில்தான். மாப்பிள்ளை வீட்டுப் பெயரைப் பின்னலில் போடச் சொல்கிறவர்களும் உண்டு. அதனால் ஆடியிலேயே ஓலை வாங்கிக் காயவைத்து, சாயம் ஏற்றிவிடுகிறோம்.