ஏக்குவியஸ்

அம்மா லண்டனுக்கு வந்து சேர்ந்தது 1998ம் ஆண்டு மாசி மாதம். வந்த இரண்டாம் கிழமையே கால்கள் வெடித்து, முழங்காலுக்குக் கீழே சாம்பல் பூத்ததுபோல ஆகிவிட்டன. குளிரும் ஹீற்றரும் சேர்ந்து செய்கிற வேலை அது. நாங்கள் எல்லோரும் அந்தக் கட்டத்தைக் கடந்து வந்தவர்கள்தான். டொக்டர் ஒரு கிறீம் எழுதிக் கொடுத்தார். அரைக் கிலோ பிடிக்கிற பெரிய வெள்ளை டப்பா. மேலே கொட்டை எழுத்தில் 'ஏக்குவியஸ் கிறீம்' என்று இருந்தது. இந்த நாட்டில் பிள்ளை வளர்த்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு காலத்தில் அந்த டப்பா இருந்திருக்கும். கிறீம் முடிந்த பிறகு பொத்தானும் ஊசிநூலும் அதற்குள் குடியேறும்.

"ஏக்குவியஸ் எண்டா என்ன?" என்று அம்மா கேட்டார்.

"தண்ணித்தன்மையானது எண்டு அர்த்தம்."

"தண்ணிக்கே காசு குடுத்தனீங்கள்?"

"அறுபது வயசுக்கு மேல இருக்கிறவைக்கு மருந்து சும்மாதான் அம்மா."

"அப்ப சரி."

அம்மாவின் சந்தேகத்தில் பிழையில்லை. அந்தக் கிறீமில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். (பிறகு 2013ல், அதிலுள்ள சவர்க்காரத் தன்மையான ஒரு பொருள் தோலை எரிக்கக்கூடும் என்று, குறிப்பாகக் கரப்பன் உள்ள குழந்தைகளுக்காக, பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. அதற்குள் நாங்கள் எத்தனை டப்பாக்களைப் பூசி முடித்திருந்தோம்!)

அம்மா அறிந்துகொண்ட முதல் ஆங்கிலச் சொற்களில் ஒன்றாக இப்படித்தான் 'ஏக்குவியஸ்' எங்கள் வீட்டுக்குள் வந்தது. அதே சொல் ஐந்து வருடம் கழித்து இன்னொரு வாசலால் வந்தபோது அதை அடையாளம் காண நாங்கள் தவறிவிட்டோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்குமுன் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். காலம் கடந்த பிறகு நூலகத்தில் போய்க் குந்தியிருந்து தேடிப் படித்தவை இவை.

இலத்தீனில் தண்ணீருக்கு 'அக்குவா' என்று பெயர். உரோமர் போன இடமெல்லாம் அந்தச் சொல்லை ஊற்றிவிட்டுப் போனார்கள். சுடுநீர் ஊற்றுக்காகப் பேர்பெற்ற இங்கிலாந்தின் பாத் நகரத்தை அவர்கள் 'அக்குவே சூலிஸ்' என்றார்கள். பிரெஞ்சுக்காரர் அதே அக்குவாவைத் தேய்த்துத் தேய்த்து ஒற்றை 'ஓ' ஆக்கிவிட்டார்கள். பரிசில் இருக்கிற எங்கள் மச்சாளுக்கு வந்த புதிதில் கடையில் தண்ணீர் கேட்பது பெரிய பாடு. வாயைத் திறந்து 'ஓ' என்றால் கொட்டாவி விடுகிறாள் என்று நினைத்தார்களாம். தங்கத்தைக் கரைக்கிற இராஜ திராவகத்தின் இலத்தீன் பெயரிலும் அக்குவா உண்டு. ஆங்கிலத்தில் சாக்கடையைக் குறிக்கிற 'சூவர்' என்ற சொல்லுக்கும் அதுதான் மூலம். இன்றைக்குக் குளியலறையில் இருக்கிற ஷாம்பூப் போத்தலைத் திருப்பிப் பார்த்தாலும் சேர்மானங்களில் முதலாவதாக நிற்பது பெரும்பாலும் 'அக்குவா'தான்.

அந்த அக்குவாவிலிருந்து 'ஏக்குவியஸ்' என்ற பெயரடை ஆங்கிலத்துக்கு வந்தது 1640களில். வந்தபோது அது கிறீமுக்கும் வரவில்லை, இரசாயனத்துக்கும் வரவில்லை. கண்ணுக்காகத்தான் வந்தது. 'ஏக்குவியஸ் ஹியூமர்' என்பதே அதன் முதல் வேலை. கருவிழியின் முன்பக்கத்துக் கண்ணாடித் தோலுக்கும் உள்ளே இருக்கிற வில்லைக்கும் இடையில் நிற்கிற தெளிந்த நீருக்கு வைத்தியர்கள் இட்ட பெயர் அது.

'ஹியூமர்' என்றால் எங்களுக்கெல்லாம் நகைச்சுவை. ஆனால் இலத்தீனில் அதற்கும் ஈரம் என்றுதான் பொருள். எங்கள் நாட்டு வைத்தியத்துக்கு வாதம், பித்தம், கபம் என்று மூன்று இருந்ததுபோல, ஐரோப்பிய வைத்தியத்துக்கு இரத்தம், சளி, மஞ்சட் பித்தம், கரும் பித்தம் என்று நான்கு ஈரங்கள். அவற்றின் அளவைப் பொறுத்தே மனிதரின் குணம் என்று நம்பினார்கள். குணத்தைக் குறித்த சொல் நாளடைவில் குணக்கோளாறைப் பார்த்துச் சிரிப்பதைக் குறிக்கலாயிற்று. ஆக, ஏக்குவியஸ் ஹியூமர் என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'தண்ணீரான ஈரம்'. பெயர் வைத்தவருக்குக் கொஞ்சம் நகைச்சுவை இருந்திருக்கத்தான் வேண்டும். இதற்கும் முந்திய பெயர் இன்னும் நல்லது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கண்ணைப் பற்றி அரபியில் பத்துப் பகுதிகளாக ஒரு நூல் எழுதினார். அந்த மரபில் இந்த நீர் முட்டையின் வெள்ளைக்கருவுக்கு ஒப்பிடப்பட்டது. இடைக்கால இலத்தீனிலும் அப்படியே அழைத்தார்கள்.

ஆங்கிலத்தில் இதே பொருளுக்கு இன்னொரு சொல் உண்டு: 'வோட்டரி'. அது ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை, ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட பழைய சொல். ஆனால் சொந்தப் பிள்ளைக்குத்தான் அடி. சாயம் இல்லாத தேநீர், சத்தில்லாத சூப், பலமில்லாத வெயில், கலங்கின கண், வயிற்றோட்டம் எல்லாம் 'வோட்டரி'. ஏக்குவியஸோ வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஆய்வுகூடத்தில் நிற்கிறது. அதில் இழிவும் இல்லை, கண்ணீரும் இல்லை. ஆங்கிலம் தண்ணீரைக் குசினிக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று என்று இரண்டு பாத்திரத்தில் வைத்திருக்கிறது.

எங்களிடமும் பாத்திரங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவை கலந்துபோய்க் கிடக்கின்றன. சலம் என்றால் நீர்தான். யாழ்ப்பாணத்தில் யாரும் அதைக் குடிக்கக் கேட்கமாட்டார்கள், கேட்டால் சிரிப்பார்கள். தண்ணி என்றால் சாராயமும்தான். பால் நீர்த்துப்போனால் கெட்டது; ஆனால் நீர்மை என்றால் நல்ல குணம். போதாததற்கு 'நீர்' என்றால் எங்கள் ஊரில் நீங்களுக்கும் நீக்கும் நடுவில் நிற்கிற ஒரு முன்னிலை. அப்பா அம்மாவைக் கூப்பிட்டது அப்படித்தான்: "நீர் சாப்பிட்டிட்டீரோ?"

இனி விஷயத்துக்கு வருகிறோம்.

2003 ஒக்ரோபரில், கண்ணாடிக் கடையில் வழக்கமான சோதனை செய்தபோது அம்மாவின் கண்ணில் அழுத்தம் கூட இருப்பதாகச் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கடிதத்தில் கேட்டிருந்தார்கள். வேண்டாம் என்று கட்டத்தில் புள்ளடி போட்டது நாங்கள்தான். மூன்று பிள்ளைகள் இருக்கிறோம், அதில் ஒருவர் உயர்தரத்தில் இரசாயனம் படித்தவர், எங்கள் தாய்க்கு இன்னொருவர் வந்து சொல்வதா என்ற எண்ணம்.

டொக்டர் பொறுமையானவர். பிளாஸ்ரிக் கண் ஒன்றைக் கழற்றிக் காட்டி விளக்கினார். கண்ணுக்குள்ளே ஏக்குவியஸ் இடைவிடாமல் ஊறுகிறது, நிமிடத்துக்கு ஒரு துளியின் மிகச்சிறிய பங்கு. இரத்தக் குழாய்கள் இல்லாத வில்லைக்கும் கருவிழித் தோலுக்கும் சாப்பாடு கொண்டுபோவது அதுதான். பிறகு ஒரு மூலையில் உள்ள வலைபோன்ற வடியால் வெளியேறி இரத்தத்தில் கலக்கிறது. அம்மாவுக்கு அந்த வடி சரியாக வேலை செய்யவில்லை. உள்ளே நிற்கிற நீர் பின்னால் உள்ள பார்வை நரம்பை நசுக்குகிறது. இதுதான் குளுக்கோமா. இரவில் ஒரு சொட்டு மருந்து, ஒருநாளும் தவறக்கூடாது.

இவ்வளவையும் கேட்டு நாங்கள் அம்மாவுக்குச் சொன்னது இது: "கண்ணுக்குள்ள தண்ணி வெளியேற வழியில்லாமத் தேங்கி நிக்குதாம். அதுதான் அமத்துதாம். மருந்து விடட்டாம்."

அம்மா தலையாட்டினார். பஸ்ஸில் வரும்போது, "தேங்கித்தானே இருக்கும்" என்று மட்டும் சொன்னார். நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வருடம் முழுவதும் அம்மா இரவில் நேரத்தோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சில இரவுகளில் அழுகிற சத்தம் கேட்கும். அப்பாவின் படம் அங்கேதான் இருந்தது. துக்கம் அவருடையது, இடையில் போய்க் குழப்பக்கூடாது என்று நாங்கள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிடுவோம்.

அடுத்த புரட்டாதியில் மறுபடி சோதித்தார்கள். சின்ன வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தவேண்டும். அம்மா அழுத்தாமல் விட்ட இடங்களெல்லாம் தாளில் கறுப்பாக வந்தன. இடது கண்ணில் மூக்குப் பக்கத்து மேற்பாதி போய்விட்டது. மருந்து ஒழுங்காக விடுகிறாரா என்று டொக்டர் கேட்டார். அம்மாவைக் கேட்காமலே "ஓம்" என்று நாங்கள் பதில் சொன்னோம்.

வீட்டுக்கு வந்து லாச்சியைத் திறந்தபோது பதினொரு பெட்டிகள் இருந்தன. ஒன்றும் உடைக்கப்படவில்லை.

"ஏற்கெனவே தண்ணி கூடிப்போய்த் தேங்கி நிக்குது எண்டு சொன்னியள். அதுக்குமேல நான் இன்னும் தண்ணியை ஊத்துறதோ?" என்றார் அம்மா. "கொப்பா செத்தண்டைக்கு அழேல்லை. அதுதான் நிக்குது. அழுதா வடிஞ்சுபோயிடும் எண்டு பாத்தன். இப்ப அழுகை வருகுதுமில்லை."

1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய அந்தப் பெருங்கூட்டத்தோடு அம்மாவும் அப்பாவும் வன்னிக்குப் போய், அம்மாவின் பிறந்த ஊரான கிளிநொச்சியில் இருந்தார்கள். 1996 ஆடிக் கடைசியில் இராணுவம் கிளிநொச்சியை நோக்கி நகர, அங்கிருந்தும் எழும்பி அக்கராயன் பக்கம் ஒரு வளவில் தங்கினார்கள். அப்பா ஆவணியில் காய்ச்சலில் போனார். பின்னேரமே எரித்துவிட்டு இரவு இன்னொரு இடத்துக்கு நடந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் லண்டனில். அழாத அழுகை அம்மாவின் கணக்கில் அப்படித்தான் சேர்ந்தது.

அவருடைய தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஓட்டை எங்கள் தமிழில் இருந்தது. கண்ணுக்குள்ளே ஒரு நீர் என்று சொன்னால் தமிழ்க் காதில் அது எங்கே போய் விழும்? கண்ணும் நீரும் சேர்ந்தால் கண்ணீர். புணர்ச்சி விதி வேறு எதையும் அனுமதிக்காது. குளுக்கோமாவுக்குத் தமிழில் 'கண் நீர் அழுத்தம்' என்று துண்டுப்பிரசுரங்களில் போடுகிறார்கள். நடுவில் உள்ள அந்தச் சின்ன இடைவெளியை வாய் உச்சரிக்குமா? எங்கள் பாடசாலை உயிரியல் புத்தகத்தில் 'நீர்மயவுடனீர்' என்று இருந்ததாக ஞாபகம். பரீட்சைக்குப் பாடமாக்கிவிட்டுக் கப்பலேறியவர்கள் நாங்கள். அன்றைக்கு அது வாயில் வரவில்லை; வந்திருந்தாலும் அம்மாவுக்கு அது ஏக்குவியஸைவிடத் தூரம்.

மானிப்பாயில் இருந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீனை அப்போது நினைத்தோம். 1860களில் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கி, மாணவர்களோடு சேர்ந்து 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' என்று ஆயிரக்கணக்கான பக்கங்கள் தமிழில் கொண்டுவந்தவர். ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த மனிதர் எவ்வளவு மினக்கெட்டிருப்பார்! நாங்கள் ஒரு முழு விளக்கத்தை 'தண்ணி' என்ற ஒரு சொல்லுக்குள் அமத்திக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவந்தோம்.

அடுத்த தடவை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று புள்ளடி போட்டோம். ஆள் வரவில்லை, தொலைபேசியில் ஒரு பெண்குரல். டொக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, பெயர்ப்பதற்கு முன் அம்மாவிடம் ஊர் கேட்டது.

"கிளிநொச்சி, பிள்ளை."

"அப்ப இரணைமடுவைத் தெரியுந்தானே அம்மா. உங்கட கண்ணுக்குள்ள அப்பிடி ஒரு சின்னக் குளம் இருக்கு. வாய்க்காலால தண்ணி வந்துகொண்டே இருக்கும், துருசால போய்க்கொண்டே இருக்கும். உங்கட துருசு தூர்ந்துபோச்சு. தண்ணி ஏறி அணைக்கட்டை அமத்துது. இந்த மருந்து தண்ணியில்லை, துருசைத் திறக்கிற சாவி."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய தகப்பன் இரணைமடுவின் கீழ் வயல் செய்தவர்.

"அப்ப கண்ணீர்?"

"அது இமைக்கு மேல வேற இடத்தில ஊறி வெளியால ஓடுறது அம்மா. குளத்துக்கும் அதுக்கும் தொடுப்பே இல்லை. அழுகிறதெண்டா அழுங்கோ, அழாட்டியும் கண்ணுக்கு ஒண்டும் வராது."

போன பார்வை திரும்பவில்லை. இந்த நோயில் போனது திரும்புவதில்லை. படியிறங்கும்போது அம்மா தலையை ஒரு பக்கம் சரித்துப் பார்ப்பார், தேநீர்க் கோப்பையை மேசை விளிம்பில் வைப்பார். ஒவ்வொரு தடவையும் நாங்கள் வேறு எங்காவது பார்த்துக்கொள்வோம். ஆனால் மிச்சம் இருந்தது 2017ல் அவர் கண்மூடும்வரை நின்றது. இரவு ஒன்பது மணிக்கு "துருசு திறக்கிற நேரம்" என்று தானே கூப்பிடுவார்.

ஒருமுறை கிளினிக்கில் தாதி, மருந்தால் கண் கலங்கி வடிகிறதா என்று கேட்பதற்கு, "வோட்டரி ஐஸ்?" என்றாள். நாங்கள் வாயைத் திறக்குமுன் அம்மா கையைக் காட்டி மறித்தார்.

"நோ வோட்டரி," என்றார். பிறகு விரலால் கண்ணைத் தொட்டுக் காட்டி, "ஒன்லி ஏக்குவியஸ்."