எல்லயிலிருந்து ஒரு பொன் முடிப்பு

பண்டாரவளையைக் கடந்து புகையிரதம் கீழ்நோக்கி இறங்கத் தொடங்கியதும் காற்றின் குணமே மாறிவிட்டது. நானுஓயாவில் எலும்பைத் துளைத்த ஈரக்குளிர் இங்கில்லை. ஊவாவின் காற்று உலர்ந்தது. ஆடி, ஆவணி மாதங்களில் மலையிடுக்குகளினூடே வீசும் அக்காற்றுத்தான் இப்பகுதித் தேயிலைக்கு அதன் தனி மணத்தை அளிக்கின்றதென்று தோட்டத்தார் கூறுவர். 2023-ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், நாமும் எமது துணைவியாரும் எல்லயில் இறங்கி ஓரிரவு தங்கினோம். மறுநாட் காலையில் பதுளை வண்டிக்காக நிலையத்து மேடையிற் காத்திருந்தோம்.

எல்ல மிகச் சிறிய ஊர். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,040 மீற்றர் உயரத்தில், இரு மலைகளுக்கிடையே திறந்து கிடக்கும் ஒரு வாயில் என்று சொன்னால் தகும். அவ்வாயிலில் நின்று தெற்கே நோக்கினால் மலைநாடு திடீரென முடிந்து, சமவெளி நீல நிறத்திற் கிடப்பது தெரியும். இராவணன் பெயரால் வழங்கும் அருவியும் குகையும் அருகிலுள்ளன. இக்காலத்தில் வெளிநாட்டுப் பயணிகளே இவ்வூரின் தெருவை நிறைக்கின்றனர். அவர்கள் தேடிவரும் ஒன்பது வளைவுப் பாலமோ ஊரிலிருந்து சிறிது தொலைவில், தெமோதரைக்குச் செல்லும் பாதையில் உள்ளது. பண்டாரவளைக்குப் புகையிரதம் வந்தது 1894-இல். பதுளையை அது எட்டியது 1924-இல். இடையிலுள்ள குறுகிய தூரத்தைக் கடக்க முப்பது ஆண்டுகள் சென்றன என்றால் மலை எவ்வளவு முரண்டு பிடித்திருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

மேடையில் எமக்கருகே ஒரு தோட்டத்து அம்மையாரும் அவருடைய மகளும் அமர்ந்திருந்தனர். அம்மையாரின் மடியில் ஒரு கைப்பை. கைப்பைக்குள் ஒரு துணி முடிப்பு. அவர் அதனை ஐந்து நிமிடத்துக்கொரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். மகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. நாம் கல்லூரியில் இரசாயனம் கற்பிப்பவர் என்பதை எமது துணைவியார் பேச்சுவாக்கிற் சொல்லிவிடவே, அம்மையார் சற்று நெருங்கி அமர்ந்தார்.

“ஐயா, ஒண்ணு கேக்கலாமுங்களா? உடைஞ்ச நகை கொஞ்சம் கெடக்கு. தபால்ல அனுப்புனா கொழும்புல உருக்கிப் பாத்துட்டுக் காசு அனுப்புவாங்கன்னு மக போன்ல பாத்துருக்கு. நம்பலாமுங்களா?”

மகள் கைத்தொலைபேசியில் அவ்விளம்பரத்தைக் காட்டினாள். பழைய பொன்னையும் வெள்ளியையும் பொதியாக அனுப்பலாம். தாமே சுத்திகரிப்போராதலால் இடைத்தரகர் இல்லை. உயர்ந்த விலை உறுதி. எல்லாம் அழகாகவே எழுதப்பட்டிருந்தன. எத்தனை கிராமுக்கு எவ்வளவு என்பது மாத்திரம் எங்கும் இல்லை.

எமக்கு இவ்விடயத்தில் ஓர் அனுபவம் உண்டு. அதனைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கின்றது. சில ஆண்டுகளுக்கு முன்னர், எமது வீட்டில் அறுந்துபோன சங்கிலித் துண்டுகளையும் ஒற்றைத் தோட்டையும் ஒரு கடிதவுறையிலிட்டு, தலைநகரத்துக் கடையொன்றுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பத்து நாட்களில் பணம் வந்தது. குறைவாகத் தோன்றியது. ஆனால் குறைவா, சரியா என்று கூற எம்மிடம் எந்த ஆதாரமும் இருக்கவில்லை. இருபதாண்டுகள் மாணவர்க்குத் தராசின் அருமையைப் போதித்த நாம், எமது பொன்னை நிறுக்காமலே அனுப்பியிருந்தோம்! அக்கடைக்காரர் நேர்மையானவராகவே இருந்திருக்கலாம். அவரைப் புகழவும் எமக்கு வழியில்லை, பழிக்கவும் வழியில்லை.

இதனை அம்மையாரிடம் சொன்னோம். அவர் சிரித்துவிட்டார். “நிறுக்காமயா குடுத்தீங்க?” என்று மட்டும் கேட்டார். அச்சிரிப்பின் பொருள் எமக்குப் பின்னரே விளங்கிற்று.

வண்டி வந்தது. நால்வரும் ஒரே பெட்டியில் ஏறினோம். அம்மையாரின் கேள்விக்கு விடையாக நாம் சொன்னவற்றைச் சுருக்கித் தருகிறோம்.

தபாலிற் பொன்னை அனுப்புவது தவறன்று. ஆனால் அதற்கென ஒழுங்குகள் உண்டு. 1874-இல் அமைந்த சர்வதேசத் தபால் ஒன்றியத்தின் பொதுவிதிப்படி, பொன், வெள்ளி, நகை, நாணயம் முதலியவற்றைக் காப்புறுதி செய்யப்படாத பொதிகளில் வைத்தலாகாது. தம் சட்டம் இடங்கொடுத்தால் சில நாடுகள் பதிவுத் தபாலில் அனுமதிக்கும். ஆகவே, தபாற்கந்தோரில் முதலிற் கேட்கவேண்டியது, பொதி தொலைந்தால் எவ்வளவு ஈடு கிடைக்கும் என்பதே. பதிவு செய்தாலே பெறுமதி முழுவதும் பாதுகாக்கப்பட்டுவிட்டதெனப் பலர் எண்ணுகின்றனர். பதிவு என்பது பொதி கைமாறியதற்குச் சாட்சி, காப்புறுதி வேறு.

பொதி போய்ச் சேர்ந்த பின் நடப்பது என்ன? பத்துப் பதினைந்து கிராம் பொன்னைத் தனியே சுத்திகரிக்க எவரும் பெரிய உலையை மூட்டுவதில்லை. அது பிறருடைய பொன்னோடு சேர்த்தே உருக்கப்படும். உருக்கும் முன்னர் மாற்றுப் பார்ப்பார்கள். இக்காலத்தில் ஊடுகதிரைச் செலுத்திப் பார்க்கும் கருவியும் உண்டு. பின்னர் சுத்திகரிப்பு. பழைய முறையில், பொன்னோடு வெள்ளியைச் சேர்த்துப் பொன் காற்பங்காகும்படி உருக்கி, நைத்திரிக்கமிலத்திற் கொதிக்க வைப்பர். வெள்ளியும் செம்பும் கரைந்துபோகும்; பொன் மட்டும் கபில நிறப் பொடியாக அடியில் தங்கும். அப்பொடியைக் கழுவி உருக்கினால்தான் மஞ்சள் நிறம் திரும்பும். பெரிய ஆலைகளில், 1867-இல் அவுஸ்திரேலியாவில் மில்லர் என்பவர் வகுத்தபடி, உருகிய பொன்னினூடே குளோரின் வாயுவைச் செலுத்துவர். எம்முறையாயினும், மூசைக்குள் இறங்கிய பின் இது என் பாட்டியின் தோடு என்று சுட்டிக் காட்ட எதுவும் மிஞ்சாது. உருகிய பொன்னைத் திருப்பிக் கேட்க முடியாது.

2009-ஆம் ஆண்டளவில், பொன் விலை ஏறிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இவ்வாறான தபால் வியாபாரம் தொலைக்காட்சி விளம்பரங்களோடு பெருகிற்று. அங்கும் இதே முறைப்பாடே எழுந்தது. விலையை அறிவித்து, விற்பவரின் சம்மதத்தைத் தெளிவாகப் பெற்ற பின்னரன்றோ உருக்க வேண்டும்? இலங்கையில் 2022-இல் பொருளாதாரம் சரிந்து, ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கும் மேலாக ஏறியபோது, பொன்னின் ரூபா விலையும் கூடவே பாய்ந்தது. அதுவரை பெட்டிக்குள் உறங்கிய உடைசல் நகைகள் கடைவீதிக்கு வந்தன.

நாம் இவ்வாறு விரிவுரை நிகழ்த்திக்கொண்டிருக்கையில் வண்டி ஒன்பது வளைவுப் பாலத்தின் மீது மெல்ல ஊர்ந்தது. கீழே பள்ளத்தில் தேயிலைச் செடிகள். பாலத்தோரத்தில் படம் பிடிப்போர். அம்மையார் வெளியே பார்க்கவில்லை. அவருக்கு அது நாள்தோறும் காணும் பாலம்.

“கொழுந்து நிறுக்கிற எடத்துல நானு முப்பது வருஷம் நின்னவ ஐயா,” என்றார். “கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவுன்னு கழிப்பாங்க. மழ பெய்யாத நாள்லயும் ஈரத்துக்குக் கழிப்பாங்க. கண்ணுக்கு முன்னால நிறுக்கும்போதே இப்படின்னா, கண்ணுக்குத் தெரியாம நிறுத்தா?”

எமது இரசாயனம் முழுவதையும் அவ்வொரு வினா விழுங்கிவிட்டது. பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18, 20 கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுநாட் பெயர். 2021-இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்ந்தபோது அதுவே நெடுநாட் போராட்டத்தின் பயனாயிருந்தது. அக்கூலியிலிருந்து சீட்டுக் கட்டிச் சேர்த்த பொன் அந்த முடிப்பில் இருந்தது. அதன் ஒரு பகுதி அவருடைய மாமியாருடையதாம், தமிழகத்திலிருந்து வந்ததாம்.

தோட்டத்துத் தமிழர் ஏன் பொன்னாகச் சேர்த்தனர் என்று சிலர் குறைகூறக் கேட்டிருக்கிறோம். அவர்கள் வேறு எதைச் சேர்ப்பர்? லயத்து அறை தோட்டத்துக்கு உரியது. நிலம் இல்லை. 1948-இன் சட்டத்தால் குடியுரிமையும் அன்று இல்லாமற்போயிற்று. 1964-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆந் திகதி சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்வதென முடிவாயிற்று. மலையகத்திலிருந்து புகையிரதமேறித் தலைமன்னாரிற் கப்பலேறியவர்கள் கையோடு கொண்டுசெல்லக்கூடியதாய் இருந்தவை டிரங்குப் பெட்டியும் காதிலும் கழுத்திலும் கிடந்தவையுமே. இதே பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில், 2014 ஒக்டோபர் 29-ஆந் திகதி மலை சரிந்து லயங்கள் புதையுண்டபோது, பெட்டியிலிருந்ததும் மண்ணுக்குள் போயிற்று.

தெமோதரையில் வண்டி நின்றது. இந்நிலையத்தின் விந்தையைப் பலர் அறிவர். நிலையத்தைத் தாண்டிய பாதை மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினூடே செல்கின்றது. சற்று முன்னர் நின்ற மேடைக்குக் கீழே நாமே இப்போது போய்க்கொண்டிருந்தோம். மகள் முதன்முறையாகக் கைத்தொலைபேசியை வைத்துவிட்டு, பலகணி வழியே எட்டிப் பார்த்தாள்.

பதுளையில் துன்ஹிந்த அருவியைப் பார்ப்பதே எமது நோக்கமாயிருந்தது. அதனை மறுநாளைக்கு ஒத்திவைத்து, தாயும் மகளும் கேட்டுக்கொண்டபடி கடைவீதிக்கு உடன் சென்றோம். முதற் கடையில் நிறுத்து மட்டும் சொல்லும்படி வேண்டினோம். 14.6 கிராம். முடிப்பைப் புரட்டிப் பார்த்த கடைக்காரர் மொத்தமாக ஒரு தொகை சொன்னார்; கணக்கு எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது கடை ஒரு முதிய பத்தருடையது. அங்கும் 14.6 கிராமே. இரு தராசும் ஒத்திருந்தது எமக்கே பெரும் ஆறுதல்.

எட்டுக் கிராம் ஒரு பவுண் ஆதலால், ஏறத்தாழ இரண்டு பவுண் இருப்பதாக அம்மையார் மனத்திற் கணக்கிட்டிருந்தார். பத்தர் தோட்டிலிருந்த கற்களை எடுத்தார். உள்ளே அடைத்திருந்த அரக்கைச் சுரண்டினார். எடை 13.1 ஆயிற்று. உரைகல்லில் ஒவ்வொரு துண்டையும் தேய்த்து அமிலம் தொட்டார். மாமியாரின் அட்டியற் கொக்கி மங்கிற்று. 1963-இல் இந்தியாவில் பொற்கட்டுப்பாட்டு விதிகள் வந்து, புது நகைகள் 14 கரட்டுக்கு மேற்படாதிருக்க வேண்டுமென்றிருந்த காலத்துச் சரக்காயிருக்கலாம் என்றார் பத்தர். சங்கிலியோ பலமுறை பற்றவைக்கப்பட்டது. ஒவ்வொரு பற்றாசும் மாற்றைச் சிறிது குறைத்திருந்தது. பின்னர் எம் கண்ணெதிரே மூசையில் வெண்காரமிட்டு ஊதியுருக்கினார். ஆறிய உருண்டை 12.9 கிராம், மாற்றோ 20 கரட். அதாவது அதனுள் இருந்த தூய பொன் 10.75 கிராம். ஒரு பவுண் நாணயத்தில் உள்ள தூய பொன் 7.32 கிராம். ஆக, இரண்டென எண்ணியது ஒன்றரைப் பவுணுக்கும் சற்றுக் குறைவாக நின்றது.

அம்மையாரின் முகம் வாடியது உண்மை. ஆயினும் அவர் வாதாடவில்லை. கற்களும் அரக்கும் தட்டிலே கிடந்தன. கழிந்தது எங்கே போயிற்றென்று அவருக்குத் தெரிந்தது. இதே பொதி தபாலிற் சென்று, இதே நியாயமான தொகை திரும்பியிருந்தாலும், தாம் ஏமாற்றப்பட்டதாகவே அவர் ஆயுள் முழுதும் எண்ணியிருப்பார். பத்தர் அன்றைய விலையைச் சொல்லி, தம் இலாபமாகக் கழிப்பதையும் சொன்னார். முதற் கடைக்காரர் சொன்ன மொத்தத் தொகையிலும் அது கணிசமாக உயர்ந்திருந்தது. மடிக்கணினிக்குப் போதும், விடுதிச் செலவுக்குச் சற்றுக் குறையும்.

முடிப்பில் ஒரு சோடி வெள்ளிக் கொலுசும் இருந்தது. வெள்ளியின் விலை பொன்னின் விலையில் மிகச் சிறு பங்கே; அதிலும் பற்றாசும் கலப்பும் மிகுதி. தபாலிலிட்டிருந்தால் காப்புறுதிக் கட்டணமே அதன் விலையிற் பெரும்பகுதியைத் தின்றிருக்கும். பத்தர் சொன்ன தொகையைக் கேட்ட அம்மையார், கொலுசை எடுத்து மீண்டும் துணியில் முடிந்துகொண்டார்.

மகள் 14.6, 13.1, 12.9, 20 என்ற எண்களை ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் வரிசையாக எழுதினாள். பத்தரிடம் கொடுத்து, அதன் கீழே கையொப்பம் வாங்கிக்கொண்டாள். மாலை வண்டிக்கு இன்னும் நேரமிருந்தது. தாயும் மகளும் மடிக்கணினிக் கடையைத் தேடிப் புறப்பட்டனர்.