கழற்றிப் போட்ட பம்பர் எங்கே போகிறது?

பழைய இரும்புக்கும் ஈயம் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்த வியாபாரிகளை நம் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வண்டியில் ஏறிய இரும்பு எங்கோ ஓர் உலையில் உருகி மறுபடியும் இரும்பாகவே திரும்பி வந்தது. கார் உடைக்கும் இடத்திலும் இன்று இதே கதைதான். தகடு, எஞ்சின், பேட்டரி ஈயம் எல்லாவற்றுக்கும் எடை போட்டுக் காசு கொடுக்கிறார்கள். பிளாஸ்டிக்கை மட்டும் ஓரமாகத் தள்ளிவிடுகிறார்கள்.

கப்பலூர்ப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் இது என் கண்ணை உறுத்துகிறது. அச்சிலிருந்து பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் குச்சி போன்ற மிச்சத்தை 'ரன்னர்' என்போம். அதை வீணாக்க மாட்டோம். அரவை மிஷினில் போட்டுப் பொடித்து, புதுக் குருணையோடு அளவாகக் கலந்து மறுபடியும் ஓட்டுவோம். அது முடிந்ததற்குக் காரணம், சரக்கு ஒரே ரகம், அழுக்கில்லாதது, இன்னது என்று நமக்குத் தெரிந்தது. பத்து வருஷம் ரோட்டில் ஓடித் திரும்பும் காரில் இந்த மூன்றும் கிடைப்பதில்லை.

அம்பாசடர் காலத்தில் பம்பர் இரும்பு. மேலே குரோம் பூச்சு. இன்றைய பம்பர் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். வளைந்து கொடுக்க ரப்பரும், விறைப்புக்கு டால்க் பவுடரும் அதில் கலந்திருக்கும். மேலே பெயின்ட். சீட்டுக்குள் இருப்பது வேறு நுரை, டேஷ்போர்டு வேறு ரகம், எஞ்சின் பக்கம் நைலான். எல்லாவற்றையும் ஒன்றாக உருக்கினால் எதற்கும் உதவாத, தட்டினால் உடைகிற கட்டிதான் மிஞ்சும். பிரித்தால்தான் காசு. கழற்றிய பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். உட்பக்கம் பி.பி., ஏ.பி.எஸ். என்று சின்ன எழுத்தில் ரகம் அச்சிட்டிருக்கும். பிரிப்பவருக்காகவே அது. ஆனால் பிரிக்க ஆள் வேண்டுமே!

போன வருஷம் காளவாசல் நெரிசலில் ஒரு ஷேர் ஆட்டோ உரசி என் கார் பம்பரில் ஒரு சாண் விரிசல் விழுந்தது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன்.

"பம்பரெல்லாம் இப்ப யாரு சார் ஒட்டுறா? இன்சூரன்ஸ்ல மாத்திருவோம்."

"கழட்டினத என்னப்பா பண்ணுவீங்க?"

"குப்பைக்காரரு எடுத்துட்டுப் போயிருவாரு சார்."

அது போய்ச் சேரும் இடம் எனக்குத் தெரியும். நான் காலையில் நடக்கப் போகும் கண்மாய்க் கரையில் பாதி எரிந்த பம்பரையும் சீட்டு நுரையையும் பல முறை பார்த்திருக்கிறேன். அந்தப் புகை, பக்கத்துத் தெருவில் தொட்டிலில் தூங்கும் குழந்தைக்கும் போகிறது.

வண்டி இன்சூரன்ஸில் பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் 50 சதவீதம் கழிப்பார்கள். 'ஜீரோ டெப்' எடுத்தவருக்கு அந்தக் கழிவும் கிடையாது. அப்புறம் ஒட்டிப் பார்க்க யாருக்குத் தோன்றும்? நான் பிளாஸ்டிக் வெல்டிங் செய்பவரிடம் கொண்டுபோனேன். சூடான காற்றில் அதே ரகக் குச்சியை உருக்கி, ஒரு மணி நேரத்தில் விரிசலை அடைத்துவிட்டார்.

பிளாஸ்டிக் என்றதும் மதுரைக்காரர்களுக்கு நினைவு வருபவர், தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன். சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவி, அது உருகி மூடியபின் தார் கலக்கும் முறையைக் கண்டவர். 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே ரோடு போட்டுக் காட்டினார். 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. யாரும் தொடாத கேரி பேக்குக்கு அது நல்ல கதிமோட்சம். ஆனால் ரோட்டுக்குள் போனது திரும்பி வராது. நல்ல பம்பர் சரக்கு மறுபடி கார்ப் பாகமாக வருவதே சுழற்சி.

ஐரோப்பாவில் இதற்கு 2023 ஜூலையில் ஒரு வரைவு வைத்தார்கள். புதுக் காரின் பிளாஸ்டிக்கில் 25 சதவீதம் மறுசுழற்சிச் சரக்கு. அதிலும் கால் பங்கு பழைய வண்டிகளிலிருந்தே வரவேண்டும் என்றது அது. நம் நாட்டிலும் ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான விதிகள் 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. வண்டி செய்தவரே அதன் முடிவுக்கும் பொறுப்பு என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் 8 சதவீதத்தில் தொடங்கி 18 வரை ஏறும் இலக்கு எஃகை வைத்துத்தான். எஃகு எப்படியும் உலைக்குப் போய்விடும். இலக்கு தேவைப்படுவது பிளாஸ்டிக்குக்கு.

ஓரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இவ்வளவு கார் செய்யும் மாநிலம் நம்முடையது. புதுப் பம்பர் ஏற்றிவரும் லாரி, திரும்பும்போது பழையதை ஏற்றிப் போகக் கூடாதா? அதுவரை நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. விரிசல் சின்னதென்றால் ஒட்டச் சொல்லுங்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், பழையது எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆள் வருவதற்குள் அவர்கள் ஒரு பதிலைத் தேடி வைத்திருப்பார்கள்.