"பிள்ளைங்க சந்தோஷமா இருக்காங்க"ன்னு சொன்னா போதுமா?

1/
"டாக்டர், பையனை மாற்றுப் பள்ளியில சேர்க்கலாமா? அங்க பரீட்சையே கிடையாதாமே?" ஓபி-யில அடிக்கடி வர்ற கேள்வி. திங்கட்கிழமை காலையில மட்டும் வர்ற வயித்து வலிக்கு ஸ்கேன் வரைக்கும் எடுத்து, எல்லாம் நார்மல்னு தெரிஞ்ச பிறகு பெற்றோர் கேட்கிறது இது. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/
போன மாசம் அதே கேள்வி எதிர்ப்பக்கத்துலேர்ந்து வந்தது. சின்ன மாற்றுப் பள்ளி ஒண்ணு நடத்துற அம்மா, நாற்பது பிள்ளைங்க. அங்கீகாரம் புதுப்பிக்கணும். "இங்க என்ன கத்துக்கிறாங்கன்னு காட்டுங்க"ன்னு அதிகாரி கேட்டிருக்கார். "நீங்க ஒரு லெட்டர் கொடுங்க சார், டாக்டர் சொன்னா மதிப்பாங்க."

3/
லெட்டர் கொடுக்கத் தயக்கமில்லை. ஆனா மருந்து கம்பெனி ரெப் வந்து "சூப்பரா வேலை செய்யுது சார்"னு சொன்னா, "ட்ரையல் எங்கப்பா?"ன்னுதான் கேட்கிறோம். நமக்குப் பிடிச்ச பள்ளிங்கிறதுக்காக அந்தக் கேள்வியை விட்டுட முடியுமா? அதிகாரி கேட்டது நியாயமான கேள்வி.

4/
நல்ல விஷயம் என்னன்னா, அதுக்குப் பதில் தேடின ஆய்வுகள் இருக்கு. அமெரிக்காவுல 1930-கள்ல 'எட்டாண்டு ஆய்வு'ன்னு ஒண்ணு நடந்தது. 30 பள்ளிகள் தங்கள் விருப்பப்படி பாடத்திட்டத்தை மாத்திக்கலாம். சுமார் 300 கல்லூரிகள் அந்தப் பிள்ளைகளுக்கு வழக்கமான நுழைவு நிபந்தனைகளைத் தளர்த்தின.

5/
அப்புறம் செஞ்சதுதான் முக்கியம். அந்தப் பள்ளிகள்லேர்ந்து கல்லூரிக்குப் போன 1,475 பேருக்கும், அதே வயசு, அதே பாலினம், அதே மாதிரி குடும்பச் சூழல், திறன் உள்ள ஒரு வழக்கமான பள்ளி மாணவரை ஜோடி சேர்த்தாங்க. நம்ம பாஷையில மேட்ச்டு பேர்ஸ்!

6/
முடிவு: மாற்றுப் பள்ளிப் பிள்ளைங்க பின்தங்கலை. மார்க்கில் சமமாக, சொல்லப்போனா ஒரு படி மேலாகவே இருந்தாங்க. அதிகமா மாறத் துணிஞ்ச பள்ளிகளோட பிள்ளைங்க இன்னும் நல்லா செஞ்சாங்க. அறிக்கை வெளிவந்தது 1942-ல். உலகப் போர் நடுவுல யார் படிப்பாங்க? அப்படியே மறந்துட்டாங்க.

7/
"அங்க சேர்க்கிற பெற்றோரே படிச்சவங்க, அக்கறையானவங்க. பள்ளிக்கு என்ன பெருமை?" சரியான சந்தேகம். இதுக்குப் பேர் செலக்‌ஷன் பயஸ். ஜோடி சேர்த்தாலும் முழுசா போகாது. 2006-ல் லில்லார்டு, எல்ஸ்-க்வெஸ்ட் இருவரும் இதுக்கு அழகா ஒரு வழி கண்டுபிடிச்சாங்க.

8/
மில்வாக்கி நகரத்துல ஒரு அரசு மாண்டிசோரி பள்ளி. இடம் குலுக்கல்ல கிடைக்கும். குலுக்கல்ல ஜெயிச்ச பிள்ளைங்க 59 பேர், தோத்து வேற பள்ளிக்குப் போனவங்க 53 பேர். விண்ணப்பிச்ச பெற்றோர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. கிட்டத்தட்ட ரேண்டமைசேஷன்!

9/
5 வயசுல மாண்டிசோரி பிள்ளைங்க எழுத்தறிவு, கணக்கு, சக பிள்ளைங்களோட பழகுறது எல்லாத்துலயும் முன்னால. 12 வயசுல பாடத் தேர்வுகள்ல பெரிய வித்தியாசம் இல்லை. கதை எழுதுறதுலயும் சண்டை சச்சரவைக் கையாளுறதுலயும் வித்தியாசம் இருந்தது. சின்ன ஆய்வுதான், ஒரே பள்ளிதான். ஆனா நேர்மையான ஆய்வு. (மாண்டிசோரி அம்மையாரும் ஒரு டாக்டர்தான்!)

10/
ஆய்வு இருந்தா போதாது, அதை வச்சு வாதாடவும் தெரியணும். இங்கிலாந்துல சம்மர்ஹில் பள்ளி. ஏ. எஸ். நீல் 1921-ல் தொடங்கினது. வகுப்புக்கு வர்றதும் வராததும் பிள்ளைங்க இஷ்டம். 1999-ல் அரசு ஆய்வாளர்கள் அதையே குறையாக எழுத, பள்ளியை மூட வேண்டிய நிலை வந்தது.

11/
பள்ளி தீர்ப்பாயத்துக்குப் போனது. "எங்க பிள்ளைங்க சந்தோஷமா இருக்காங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு நிக்கலை. பிள்ளைங்க, பெற்றோர், முன்னாள் மாணவர்கள்னு எல்லாரையும் கேட்டு ஒரு சுயேச்சையான குழு தயாரிச்ச அறிக்கை கையில இருந்தது. 2000 மார்ச்சில் விசாரணை நடந்துக்கிட்டிருக்கும்போதே அரசு சமரசத்துக்கு வந்தது.

12/
அந்தச் சமரசத்தை ஏத்துக்கலாமான்னு யார் முடிவு பண்ணாங்க தெரியுமா? பிள்ளைங்க! நீதிமன்ற அறையிலேயே பள்ளிக்கூட்டம் கூட்டி ஓட்டுப் போட்டாங்க. பள்ளி இன்னிக்கும் நடக்குது, வகுப்பு இன்னிக்கும் இஷ்டம்தான்.

13/
அந்த அம்மாகிட்ட இதையெல்லாம் சொல்லிட்டு ஒரு வேலையும் கொடுத்தேன். சேர்ந்த அன்னிக்கு ஒவ்வொரு பிள்ளையும் என்ன படிச்சது, எவ்வளவு வாசிச்சதுன்னு ஒரு பதிவு. வருஷத்துக்கு ரெண்டு தடவை அதே அளவுகோல். பள்ளியை விட்டுப் போனவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு ஒரு பட்டியல். முக்கியமா, பாதியில நிறுத்திட்டுப் போனவங்க பேரும் அதுல இருக்கணும்.

14/
கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு கேட்டாங்க: "ரிசல்ட் மோசமா வந்தா என்ன சார் பண்றது?" "அதிகாரிக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சுடும்மா. சரி பண்ண நேரம் கிடைக்கும்"னேன். அவங்க முகத்துல பயம் தெரிஞ்சது. பயப்படுறவங்கதான் நேர்மையா அளப்பாங்க.

15/
இப்ப பழைய ரிஜிஸ்டரை எடுத்து ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுட்டு இருக்காங்க. என் லெட்டரும் கோப்புல இருக்கும், கடைசிப் பக்கமா. இந்தப் பள்ளி மூடினா நாற்பது பிள்ளைங்களும் வேற பள்ளிக்குப் போகணும். அதுல சிலர் திங்கட்கிழமை வயித்து வலியோட என்கிட்ட வந்தவங்க.

16/
மாற்றுப் பள்ளி நடத்துறவங்க யாராவது படிச்சா: ஆய்வாளர் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, இன்னிக்கே நோட்டைத் திறங்க. பெற்றோருக்கு: "சந்தோஷமா இருக்காங்களா?"ன்னு கேளுங்க, கூடவே "எப்படித் தெரியும்?"னும் கேளுங்க. நல்ல பள்ளி அந்தக் கேள்விக்குக் கோவிச்சுக்காது.