பத்து மணிக் கூட்டம்

எங்கள் அலுவலகத்தில் மானிட்டரின் முதுகில் திருகி மாட்டியிருக்கும் பெட்டியைப் புதிதாக வருபவர்கள் மோடம் என்றே நினைப்பார்கள். உள்ளே ஹார்ட் டிஸ்க் கிடையாது, விசிறியும் கிடையாது. இதுதான் தின் கிளையன்ட். நாம் தட்டுவதையும் மவுஸ் நகர்வதையும் சர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து வரும் படத்தைத் திரையில் காட்டும். அவ்வளவே அதன் உத்தியோகம். எக்செல் முதல் கணக்கு மென்பொருள் வரை ஓடுவதெல்லாம் சர்வர் அறையில்.

யோசனை பழையது. 1978இல் வந்த விடி100 டெர்மினலும் இதைத்தான் செய்தது, வெறும் எழுத்துகளை வைத்து. நடுவில் பெர்சனல் கம்ப்யூட்டர் வந்து ஆளுக்கொரு ராஜ்ஜியம் கொடுத்தது. 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் சன் ரே பழைய வழிக்கே திரும்பியது. அதில் செருகியிருக்கும் ஸ்மார்ட் அட்டையை உருவிக்கொண்டு போய் வேறு மேசையில் செருகினால், விட்ட இடத்திலேயே வேலை காத்திருக்கும்.

ராஜ்ஜியங்களைக் கட்டி மேய்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகத்தையே ஆட்டிவைத்தது. அது நுழைந்த ஓட்டைக்கான பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. போடாமல் விட்டவர்கள்தான் ஏராளம். மேசை மேசையாகப் போய், "சார், கொஞ்சம் எழுந்திருக்கிறீங்களா?" என்று கெஞ்ச வேண்டியிருந்தால் எந்த பேட்சும் நாளைக்குத்தான். சர்வரில் என்றால் ஒரே ராத்திரி வேலை. பென் டிரைவையும் அங்கிருந்தே தடுத்துவிடலாம். பெட்டி களவு போனால் பெட்டியோடு போயிற்று; கோப்பு ஒன்றும் போகாது.

சிக்கனம் எப்படி வருகிறது? பெட்டி பத்து வாட் அளவில் ஓடிவிடும் என்பது ஒன்று. பெரிய மிச்சம் வேறு இடத்தில்: எல்லோரும் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டரைப் பிழிந்தெடுப்பதில்லை. கல்யாணத்துக்கு ஐநூறு பேரை அழைத்தாலும் பந்திக்கு நூறு இலை போட்டால் போதும் என்கிற கணக்கு.

காலை பத்து மணிக்கு அந்தக் கணக்கு உதைக்கும். அத்தனை பேரும் முதல் பந்திக்கே வந்துவிடுவார்கள். லாகின் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், அக்கவுண்ட்ஸ் பக்கமிருந்து, "என்னப்பா, சர்வர் படுத்துடுச்சா?" என்று குரல் வரும். ஆகவே சர்வரை வாங்கும்போது மத்தியான நேரத்தைப் பார்க்கக் கூடாது, பத்து மணியைப் பார்த்து வாங்க வேண்டும். கூடவே யூபிஎஸ், ஏசி, ஒவ்வொருவருக்கும் லைசென்ஸ். பெட்டி விலையை மட்டும் காட்டும் கொட்டேஷன் பாதிக் கதைதான் சொல்கிறது.

ஆபத்தும் அப்படித்தான், ஒழிந்துவிடவில்லை, ஓர் அறைக்குள் குவிந்திருக்கிறது. முன்பு ஒரு கம்ப்யூட்டர் கெட்டால் ஒருவர் சும்மா இருப்பார். இப்போது சர்வர் நின்றால் அலுவலகமே கைகட்டி உட்காரும். நிர்வாகியின் பாஸ்வேர்டு கசிந்தால் எல்லோருடைய கோப்பும் சந்தியில் நிற்கும். ஆனாலும் நூறு மேசைக்குக் காவல் இருப்பதைவிட ஓர் அறைக்குக் காவல் இருப்பது நடக்கிற காரியம் என்பதால்தான் நான் இதன் கட்சி. இரண்டாவது சர்வருக்குப் பணம் ஒதுக்காத நிர்வாகம் கேட்டால் மட்டும், பழைய கம்ப்யூட்டர்களையே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.